99 வீதம் சரி என்ற கணினி

ஐப்பசி பிறந்து இடைப்பருவ மழை இறங்கத் தொடங்கினால், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் ஒரே கேள்வி ஆண்டுதோறும் எழும். நமுனுகுல மலைப்பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்வெளியை எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க மழை. விடியும்போது கைத்தொலைபேசியில் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, லயத்தைப் பூட்டிவிட்டு, பாடசாலைக் கட்டடத்துக்குப் போகிறார்கள். இரண்டு நாள் கழிகிறது. மலை அசையவில்லை. திரும்பி வருகிறார்கள். பிறகு ஒருநாள், யாரும் நினைத்திராத வேறொரு சரிவில் மண் இறங்கிவிடுகிறது.

ஆயிரம் முகங்களுக்குள் ஒரு முகத்தைக் கண்டுபிடிக்கும் கணினிக்கு, எந்த மலை சரியும் என்று சொல்ல ஏன் முடியவில்லை? தோட்டத்தில் படித்துவரும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வி வரும். இதற்குள் இன்னொரு புதிரும் இருக்கிறது. மண்சரிவை 99 வீதம் சரியாக முன்னறியும் கணினி முறை ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள் என்ற வகைச் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் கருவி இருக்கும்போது, வீணாக வெளியேறுவதும் எதிர்பாராமல் புதைந்துபோவதும் ஏன் தொடர்கின்றன?

அந்த 99 பொய்யாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அது முழு உண்மையாக இருந்தும் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றாமல் போகலாம். எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, கலாநிதிப் பட்ட மாணவர்கள் தங்கள் கணினி ஆய்வுகளை முன்வைக்கும் பல்கலைக்கழக ஆய்வரங்கு ஒன்றுக்குள் போய் உட்காரவேண்டும்.

அரங்கில் நடப்பது

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட அது, கணினியியலையும் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. பேராதனை, மொரட்டுவை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களைப் போலவே அதுவும் ஆய்வு மாநாடுகளை நடத்திவந்திருக்கிறது.

இத்தகைய அரங்குகளின் ஒழுங்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாணவர் தன் ஆய்வின் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்புவார். துறை தெரிந்தவர்கள் அதை வாசித்து ஏற்பார்கள் அல்லது திருப்புவார்கள். ஏற்கப்பட்டால் மேடையில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். மூன்று நான்கு ஆண்டு உழைப்பை அதற்குள் சொல்லவேண்டும். அதன்பின் கேள்வி நேரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதற்பகுதியே நிகழ்ச்சி என்று தோன்றும். ஆனால் அறிவியல் நடப்பது பெரும்பாலும் அந்தக் கேள்வி நேரத்தில்.

கணினி ஆய்வில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. புதிய நிரல் ஒன்றை எழுதி ஓடவைப்பது பாதி வேலைதான். அது சொல்வது சரி என்று எப்படி அறிந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மறுபாதி. கலாநிதிப் பட்டம் அந்த மறுபாதிக்கே அதிகம் கடன்பட்டது.

மேடையில் ஒரு மாணவி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரம். அவருடைய எண்களும் இந்த அத்தியாயத்துக்காக எடுத்துக்கொண்டவையே. அவரை நோக்கி எழும் மூன்று கேள்விகள் மட்டும் கற்பனையல்ல. மண்சரிவைக் கணினியால் கணிக்க முயலும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளவேண்டியவை அவை.

மலையை எண்ணாக்குவது

கணினிக்கு மலை தெரியாது, எண்கள்தான் தெரியும். ஆகவே மாணவி முதலில் மலையை எண்களாக மாற்றவேண்டும்.

பதுளை மாவட்டத்தில் இந்த வேலைக்கு நல்ல அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். அந்த வரைபடம் ஆறு விடயங்களைப் பார்க்கிறது: அடியிலுள்ள பாறையின் வகையும் அமைப்பும், அதன்மேல் கிடக்கும் மண்ணின் தடிப்பு, சரிவின் கோணம், நீர் வடியும் விதம், நிலம் எதற்குப் பயன்படுகிறது, நிலத்தின் வடிவம்.

உயரங்களுக்கான தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணமொன்றில் பூமியின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற நுணுக்கத்திலான அந்த அளவுகளை 2014 முதல் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பதுளையில் இருக்கும் ஒரு மாணவி, ஸ்பிரிங்வெளியின் ஒவ்வொரு சரிவின் கோணத்தையும் தன் மேசையிலிருந்தே கணக்கிடலாம்.

அவர் மாவட்டத்தை 30 மீற்றர் நீள அகலமுள்ள சதுரங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு சதுரத்துக்கும் அந்த ஆறு விடயங்களையும் எண்ணாக எழுதுகிறார். கடைசியில் ஒரு விடை: முன்பு இங்கே மண் சரிந்ததா, இல்லையா?

இனி இயந்திரக் கற்றல். விதியை மனிதர் எழுதிக் கொடுக்காமல், விடை தெரிந்த உதாரணங்களிலிருந்து கணினியே விதியைக் கண்டெடுப்பதற்கு அந்தப் பெயர். இதில் பெரிதும் பயன்படும் ஒரு முறை, அமெரிக்கப் புள்ளியியலாளர் லியோ பிரெய்மன் 2001இல் விரித்துரைத்த தற்போக்குக் காடு. கணினி பல கேள்வி மரங்களைக் கட்டும். சரிவு 30 பாகைக்கு மேலா? ஆமென்றால், அருகில் நீரோடை இருக்கிறதா? இருந்தால், மண் தடிப்பானதா? ஒவ்வொரு மரமும் உதாரணங்களில் ஒரு பகுதியை மட்டும் பார்த்து வளர்வதால், ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட தீர்ப்பைச் சொல்லும். நூற்றுக்கணக்கான மரங்கள் வாக்களித்து வரும் முடிவே அந்தச் சதுரத்தின் ஆபத்துப் புள்ளி.

கணினி பார்த்துப் பழகும் உதாரணங்கள் கற்றல் தரவு. பழகி முடித்தபின் அதைச் சோதிக்க ஒதுக்கிவைப்பவை சோதனைத் தரவு. மாணவி 10,000 சதுரங்களைச் சோதனைக்கு ஒதுக்கியிருக்கிறார். மொத்தப் பரப்பு 9 சதுரக் கிலோமீற்றர். அவற்றில் 100 சதுரங்களில் உண்மையாகவே மண் சரிந்திருக்கிறது. மீதி 9,900இல் சரியவில்லை.

அவர் திரையில் முடிவைக் காட்டுகிறார்: 95.7 வீதம் சரி. பின்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்துகிறார்.

முதற் கேள்வி: ஒன்றுமே பார்க்காத கணினி எவ்வளவு எடுக்கும்?

"எந்தச் சதுரத்தைக் கேட்டாலும் சரியாது என்று மட்டும் சொல்லும் ஒரு நிரலை நான் எழுதினால், அது எத்தனை வீதம் எடுக்கும்?"

கணக்குச் சிறியது. சரியாத சதுரங்கள் 9,900. எல்லாவற்றுக்கும் "சரியாது" என்றால் 9,900 இடத்தில் சரி, 100 இடத்தில் பிழை. அதாவது 99 வீதம். மலையை ஏறெடுத்தும் பாராத நிரல், ஆண்டுக்கணக்கில் உழைத்த மாணவியை முந்திவிடுகிறது. ஆனால் அது ஒரு மண்சரிவைக்கூடப் பிடிக்கவில்லை.

மண்சரிவு அரிது. அரிதான ஒன்றை "வராது" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் சரியாகவே இருப்பார். சரி-பிழை இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணும் எந்த அளவும் இந்தப் பொறியில் விழும்.

இந்தப் பொறியின் பழைய கதையொன்று 1884இல் அமெரிக்காவில் நடந்தது. இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜோன் ஃபின்லி, டொர்னாடோ எனும் சுழற்காற்றை முன்னறிய முயன்றார். 2,803 முன்னறிவிப்புகள். 96.6 வீதம் சரி என்று கணக்குக் காட்டினார். அதே ஆண்டில் நிலவியலாளர் ஜி. கே. கில்பேர்ட் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஃபின்லி "வரும்" என்று சொன்ன 100 முறையில் 28 முறைதான் வந்திருந்தது. உண்மையில் வந்த 51இல் 23ஐத் தவறவிட்டிருந்தார். எப்போதும் "வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 வீதம் கிடைத்திருக்கும்.

இதைக் கேட்டு ஃபின்லியின் உழைப்பை வீண் என்று தள்ளிவிடக்கூடாது. 51 சுழற்காற்றில் 28ஐ முன்கூட்டிச் சொல்வது அந்தக் காலத்தில் பெரிய காரியம். பிழை அளவுகோலில் இருந்தது. அந்த அளவுகோல் அவருடைய நல்ல வேலையையும் சேர்த்து மறைத்துவிட்டது.

நம் மாணவிக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. அவருடைய 95.7ஐ நான்காகப் பிரித்தால் உண்மை தெரியும். சரிந்த 100இல் அவர் பிடித்தவை 70. தவறவிட்டவை 30. சரியாத 9,900இல் வீண் எச்சரிக்கை கொடுத்தவை 400. சரியாது என்று சரியாகச் சொன்னவை 9,500.

இதிலிருந்து இரண்டு எண்களை எடுக்கலாம். சரிந்தவற்றில் எத்தனையைப் பிடித்தது? நூற்றுக்கு எழுபது. இதைப் பிடிவீதம் என்போம். எச்சரித்தவற்றில் எத்தனை உண்மையாகச் சரிந்தது? எச்சரிக்கை கிடைத்த சதுரங்கள் 470. அவற்றில் 70, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து. இதை நம்புவீதம் என்போம்.

ஸ்பிரிங்வெளியில் வீணாக வெளியேற நேர்வது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நல்ல முறையொன்று எச்சரித்த ஏழு சரிவுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் உண்மையில் இறங்குகிறது. ஆறு லயத்து மக்கள் வீணாக வெளியேறியதாக உணர்வார்கள். ஆனால் எச்சரிக்கப்படாத 9,530 சதுரங்களில் சரிந்தவை 30தான், ஆயிரத்துக்கு மூன்று. எச்சரிக்கை வந்த இடத்தின் ஆபத்து, வராத இடத்தைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு. போன ஆண்டு மலை அசையவில்லை என்பதால் அந்த எச்சரிக்கை பொய்யாகிவிடாது.

இரண்டாம் கேள்வி: இயந்திரம் பார்க்காத மலையில் சோதித்தீர்களா?

அடுத்தவர் எழுகிறார். "சோதனைச் சதுரங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"மாவட்டம் முழுவதிலுமிருந்து குலுக்கல் முறையில்" என்கிறார் மாணவி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் மண்சரிவின் அளவில் இருக்கிறது. பெரிய சரிவு ஒன்று ஒரு சதுரத்தோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த பத்து, இருபது சதுரங்களை அள்ளிக்கொண்டு போகும். குலுக்கிப் பிரித்தால் அந்த ஒரே சரிவின் பாதிச் சதுரங்கள் கற்றல் பக்கமும் மீதி சோதனைப் பக்கமும் போய்ச் சேரும். அடுத்தடுத்த சதுரங்களுக்கு ஒரே பாறை, ஒரே மண், ஏறத்தாழ ஒரே கோணம். கணினி மலையைப் பற்றிய விதியைக் கற்கவேண்டியதில்லை. அந்த இடத்தை நினைவில் வைத்திருந்தாலே போதும். கடந்தகால வினாத்தாளில் செய்து பார்த்த அதே கணக்குகள் பரீட்சையிலும் வந்தால் கிடைக்கும் புள்ளி, அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா என்பதைக் காட்டாது.

தீர்வு எளிது, மனத்துக்குக் கசப்பானது. ஒரு பள்ளத்தாக்கை முழுமையாகக் கணினியின் கண்ணில் படாமல் மறைத்துவிட வேண்டும். பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்துச் சதுரங்களில் கற்கட்டும். பசறைப் பக்கத்தில் சோதிப்போம். காலத்தையும் அப்படியே பிரிக்கலாம். ஓர் ஆண்டு வரையான சரிவுகளில் கற்கட்டும், அதற்குப் பின் வந்தவற்றில் சோதிப்போம். எச்சரிக்கை தருபவருக்கு வாழ்க்கையும் இந்தச் சோதனையைத்தான் வைக்கிறது: இதுவரை சரியாத இடம், இதுவரை வராத மழை.

மாணவி வீட்டுக்குப் போய் அப்படிச் செய்து பார்க்கிறார் என்று கொள்வோம். பசறைப் பக்கத்தில் 10,000 சதுரங்கள், அவற்றில் 100 சரிந்தவை. இப்போது பிடித்தவை 45. வீண் எச்சரிக்கை 500. மொத்தச் சரி வீதம் எவ்வளவு என்று பாருங்கள். 45ஐயும் 9,400ஐயும் கூட்டினால் 9,445, அதாவது 94.45 வீதம். முன்பு 95.7. அந்த எண் ஒரு வீதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது. பிடிவீதமோ எழுபதிலிருந்து நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. நூறு சதுரத்தில் இருபத்தைந்து கூடுதலாகக் கைவிடப்பட்டதை 95.7க்கும் 94.45க்கும் இடையிலான சிறு இடைவெளி மறைத்து வைத்திருக்கிறது.

நாற்பத்தைந்து என்ற எண்ணுடன் மேடையேறுவதற்குத் துணிவு வேண்டும். எழுபதைவிட அதற்கு மதிப்பும் அதிகம். புதிய மலையொன்றில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது.

மூன்றாம் கேள்வி: "சரியவில்லை" என்று யார் எழுதினார்கள்?

மூன்றாவது கேள்வி கணினியைத் தாண்டி வெளியே போகிறது. "இந்தச் சதுரத்தில் மண் சரியவில்லை என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. உண்மையில் சரியவில்லையா, அல்லது யாரும் பார்க்கவில்லையா?"

மண்சரிவு பதிவாவதற்கு யாராவது அதைப் பார்த்து அறிவிக்கவேண்டும். வீதி தடைப்பட்டால் அறிவிப்பார்கள். வீடு இடிந்தால் அறிவிப்பார்கள். கைவிடப்பட்ட பழைய தேயிலைக் காட்டின் உச்சியில் நள்ளிரவில் இறங்கிய மண்ணை யார் பதிவுசெய்வார்? விளைவாக, பட்டியலில் வீதியோரச் சரிவுகள் மிகுந்திருக்கும். கணினி அதிலிருந்து "வீதிக்கு அருகே ஆபத்து அதிகம்" என்று கற்றுக்கொள்ளும். இதில் உண்மையும் உண்டு, ஏனென்றால் வீதிக்காக மலையடியை வெட்டுவது சரிவின் பிடிமானத்தைக் குறைக்கும். ஆனால் அந்த உண்மை எவ்வளவு, பதிவின் சாய்வு எவ்வளவு என்று கணினியால் தானாகப் பிரித்தறிய முடியாது. அதற்கு மலையில் நடந்து பார்த்தவர் வேண்டும்.

மலையில் நடந்து பார்த்தவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சுவரில் திடீரென விழும் கீறல், சாயத் தொடங்கும் மரம், முன்பு இல்லாத இடத்தில் பிறக்கும் ஊற்று, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது, ஓடிய ஊற்று சட்டென நிற்பது. இவற்றையெல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகளாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமே மக்களுக்குச் சொல்கிறது. கொழுந்து பறிக்கத் தினமும் ஒரே மலையில் ஏறி இறங்கும் ஒரு பெண் இவற்றை எந்தச் செய்மதிக்கும் முன்பாகவே காண்கிறார். 30 மீற்றர்ச் சதுரத்துக்குள் அந்த வெடிப்பு தெரியாது. அவருடைய கண் கண்டதைக் கணினிக்குள் கொண்டுவரும் வழியைத் தேடுவது, இன்று ஒரு கலாநிதிப் பட்டத்துக்குத் தகுதியான ஆய்வுப் பொருள்.

எங்கே, எப்போது

இதுவரை பார்த்தது "எங்கே" என்ற கேள்வி. "எப்போது" என்பது வேறு.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண்துகள்களுக்கிடையிலான இடைவெளிகள் நிறைகின்றன. நிறைந்த நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. இதைத் துளைநீர் அழுத்தம் என்போம். அது ஏற ஏற மண்ணின் பிடி தளர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் சரிவு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் இறங்கிவிடும். அந்த அழுத்தத்தை எல்லா மலையிலும் அளக்க முடியாததால், அதற்குப் பதிலாக மழையை அளக்கிறோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கும்படியும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகும்படியும், 150ஐத் தாண்டினால் வெளியேறும்படியும் இலங்கையில் எச்சரிக்கை ஏறுகிறது.

மழையைக் கொண்டு ஊகிக்காமல் மண்ணுக்குள்ளேயே கருவியை வைத்தால் என்ன? கேரளத்தின் மூணாற்றில், நம் தோட்டங்களைப் போலவே தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் தேயிலை மலைகளில், இதைச் செய்து காட்டினார்கள். அமிர்தா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற மனீஷா ரமேஷின் தலைமையில், அந்தோணியார் காலனிச் சரிவில் துளைநீர் அழுத்தத்தையும் ஈரத்தையும் மண்ணின் அசைவையும் அளக்கும் உணரிகளைப் புதைத்தார்கள். அவை கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி, அளவுகளைச் செய்மதி வழியாகக் கொல்லத்திலுள்ள வளாகத்துக்கு அனுப்பின. 2009 ஜூலையின் கனமழையில் அந்த அமைப்பின் தரவைக் கொண்டு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

ஆனால் உணரி தான் புதைந்திருக்கும் சரிவை மட்டுமே காக்கும். 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, அதே மூணாற்றுப் பகுதியின் பெட்டிமுடியில் மண் இறங்கி, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைக் கொண்டுபோனது. எல்லா மலைக்கும் உணரி வைக்கப் பணம் போதாது. எந்த மலையில் வைப்பது என்று முடிவெடுக்க நம்பத்தகுந்த வரைபடம் வேண்டும். "எப்போது" என்பதற்கு நல்ல விடை கிடைக்க, "எங்கே" என்பதற்கு நேர்மையான விடை முன்னதாக வேண்டும். அதனால்தான் அந்தப் பிடிவீதம் எழுபதா நாற்பத்தைந்தா என்பது அரங்குக்குள் அடங்கும் வாதமல்ல.

கோட்டை எங்கே போடுவது

கணினி ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் ஆபத்துப் புள்ளியைத்தான் தருகிறது என்று பார்த்தோம். எந்தப் புள்ளியில் கோடு போட்டு, அதற்கு மேல் எச்சரிப்பது? மாணவி நூற்றுக்கு 50 என்று வைத்திருந்தார். அதை 30க்கு இறக்கினால், பசறைப் பக்கச் சோதனையில் பிடித்தவை 45இலிருந்து 75 ஆகலாம். வீண் எச்சரிக்கை 500இலிருந்து 2,000 ஆகலாம். மொத்தச் சரி வீதம் 79.75க்கு விழுந்துவிடும். இந்த இரண்டில் எது நல்லது?

இதற்குக் கணிதத்தில் விடையில்லை. வீண் எச்சரிக்கையின் விலை என்ன, தவறவிட்ட எச்சரிக்கையின் விலை என்ன என்று முதலில் சொல்லவேண்டும். வெளியேறும் குடும்பத்துக்கு அன்றைய நாட்சம்பளம் போகும். ஆடு மாட்டைப் பார்க்க ஆளில்லை. பாடசாலை முகாமாகிவிடுவதால் பிள்ளைகளின் படிப்பு நிற்கும். மறுபக்கம் உயிர். வெளியேறும் நாளுக்கான சம்பளம் உறுதியாகக் கிடைக்கும் என்றால், கோட்டைத் தாழ்த்துவது எளிதாகும். மக்களைக் காக்கும் எச்சரிக்கையின் அளவு, இப்படித் தோட்டத்துச் சம்பளத்தோடும் பிணைந்திருக்கிறது.

போக இடம் இருக்கவேண்டும் என்பது அதைவிடப் பெரியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். "எங்கே" என்பதற்கு விடை ஒன்பது ஆண்டுக்கு முன்பே இருந்தது. ஆனால் தலைமுறைகளாக உழைத்தும், லயமும் அது நிற்கும் நிலமும் அந்த மக்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. வேறிடத்தில் வீடு கட்டிக்கொண்டு போ என்று சொல்வது எளிது. எந்த நிலத்தில் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்து, பதுளை மாவட்டத்தின் மலைகளையும் கிழித்துப் போட்டபோது, அதே கேள்வி மீண்டும் வந்து நின்றது. பாதுகாப்பான நிலத்தை மக்களுக்கு உரிமையாக்காத வரை, எவ்வளவு கூர்மையான கணினியும் ஆபத்தை அறிவித்துக்கொண்டுதான் இருக்கும்.

கேட்க வேண்டியவர்கள்

மேடையில் நின்ற மாணவியிடம் திரும்புவோம். முதலில் அவர் சொன்னது ஓர் எண்: 95.7. மூன்று கேள்விகளுக்குப் பிறகு அவர் சொல்லக்கூடியது இது: "என் முறை இதுவரை பார்க்காத பள்ளத்தாக்கில் நூறு சரிவுச் சதுரங்களில் நாற்பத்தைந்தைப் பிடிக்கிறது. அதற்கு ஐந்நூறு வீண் எச்சரிக்கைகள் ஆகின்றன. வீதிக்கு எட்டாத சரிவுகளைப் பற்றி என் தரவில் போதிய சாட்சி இல்லை." அரங்குக்குள் வந்தபோது இருந்ததைவிட இப்போது அவர் கூடுதலாக அறிந்தவர். அவருடைய அடுத்த ஆண்டு வேலை என்ன என்பதும் தெளிவாகிவிட்டது. அவரைக் கேள்வி கேட்டவர்கள் அவருக்குச் செய்த உதவி இது.

இந்த மூன்று கேள்விகளுக்கும் சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் பார்க்காத கணினி எவ்வளவு எடுக்கும்? பார்க்காத இடத்தில் சோதித்தீர்களா? "இல்லை" என்று எழுதியவர் யார்? மண்சரிவுக்கு மட்டுமல்ல, நோயைப் படத்தில் கண்டறியும் கணினிக்கும், கடன் கொடுக்கலாமா என்று தீர்ப்புச் சொல்லும் கணினிக்கும் இதே மூன்றும் பொருந்தும். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் இவற்றைக் கேட்கலாம்.

ஆனால் இந்த அரங்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மலைக்குக் கீழே உறங்குபவர்கள் அங்கே இருப்பதில்லை. ஆய்வின் முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் ஒருமுறை முன்வைக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஒழுங்காக்கிக்கொள்ளலாம். மாணவர்களுக்கு அதனால் இழப்பில்லை. வெடிப்பு எங்கே விட்டிருக்கிறது, ஊற்று எப்போது கலங்கியது என்று தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் சொல்வது தரவாகும், அவர்கள் கேட்பது சோதனையாகும். ஸ்பிரிங்வெளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவர் இந்த ஆய்வைத் தானே எடுத்துச் செய்யும் காலமும் வரவேண்டும். தன் மலையின் ஆபத்தைக் கணக்கிடும் அறிவும், அந்தக் கணக்கைக் கேள்வி கேட்கும் உரிமையும் அந்த மக்களுக்கே முதலில் உரியவை.